ஹகீம் அஜ்மல் கான்: இதயத் துடிப்பு மருந்துக்குப் பெயர் தந்த யூனானி மேதை

ஐரோப்பாவின் பெரிய இருதய மருத்துவமனைகளில் ஒரு பரிசோதனை நடக்கிறது. இளம் வயதில், தூக்கத்திலேயே, காரணம் தெரியாமல் இறந்துபோன ஒருவரின் அண்ணனோ தம்பியோ மகனோ வந்து படுக்கிறார். நெஞ்சில் ஈசிஜி வயர்களை ஒட்டுகிறார்கள். பக்கத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி தயாராக இருக்கிறது. கை நரம்பு வழியாக ஒரு மருந்தைச் சில நிமிடங்களில் மெதுவாக ஏற்றுகிறார்கள். அதுவரை சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த ஈசிஜி கோடு, சிலருக்கு மட்டும் வடிவம் மாறுகிறது. அப்படி மாறினால், அந்தக் குடும்பத்தில் நடந்த மரணத்தின் காரணம் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. படுத்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டிய வழியும் தெரிந்துவிடுகிறது.

அந்த மருந்தின் பெயர் அஜ்மலின். அதைக் கையாளும் டாக்டர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் மூலம் தெரியும் என்று சொல்ல முடியாது. அது டெல்லி பல்லிமாரான் தெருவில் பிறந்து, சிறுவயதிலேயே குர்ஆனை மனனம் செய்த ஒரு ஹாஃபிழின் பெயர். மஸீஹுல் முல்க் ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் பெயர். நம் சமுதாயத்தில் அவரைத் தெரிந்தவர்கள் கிலாஃபத் தலைவராக, காங்கிரஸ் தலைவராக, ஜாமிஆ மில்லியாவின் முதல் வேந்தராக அறிந்திருக்கிறார்கள். அவருடைய வாழ்வின் மையம் இவற்றில் எதுவும் அல்ல என்பது என் எண்ணம். அவர் முதலும் கடைசியுமாக ஒரு மருத்துவர்.

பல்லிமாரான் தெருவின் ஷரீஃப் மன்ஸில்

1868ஆம் ஆண்டு அவர் பிறந்த குடும்பம், முகலாயர் காலம் தொட்டே ஹகீம்களின் குடும்பம். முன்னோர்களில் ஒருவரான ஹகீம் ஷரீஃப் கான் முகலாய அரசர் இரண்டாம் ஷாஹ் ஆலமின் மருத்துவர். அவர் பெயரால்தான் வீட்டுக்கு ஷரீஃப் மன்ஸில் என்று பெயர். 1857 புரட்சிக்குப் பின் ஆங்கிலேயப் படை டெல்லியைச் சூறையாடியபோது, பல்லிமாரானின் இந்தப் பகுதி மட்டும் பெரும்பாலும் தப்பியது. காரணம் எளிது. இந்த ஹகீம்கள் பாட்டியாலா மகாராஜாவுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். மகாராஜா தன் காவலர்களை அனுப்பி அவர்கள் தெருவைக் காத்தார். கவிஞர் மிர்ஸா காலிப் அந்தக் கொடிய மாதங்களைத் தாண்டியதும் இந்தக் காவலின் நிழலில்தான்.

அஜ்மல் கான் மூன்று சகோதரர்களில் இளையவர். ஹிஃப்ழு முடித்தார், அரபியும் பார்சியும் படித்தார், தர்க்கமும் ஃபிக்ஹும் ஓதினார். பிறகு தந்தை ஹகீம் மஹ்மூத் கானிடமும் அண்ணன்மாரிடமும் மருத்துவம் கற்றார். ஆங்கிலப் பள்ளியின் படி ஏறியதில்லை. 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகச் சேர்ந்து பத்தாண்டுகள் அங்கே இருந்தார். ராம்பூரின் புகழ்பெற்ற அரபி, பார்சி கையெழுத்துப் பிரதிகளின் நூலகத்தையும் மேற்பார்வையிட்டார். பழைய நூல்களோடு அவருக்கு இருந்த பழக்கம் வெறும் குலத்தொழில் பழக்கமாக இல்லாமல் போனதற்கு அந்த நூலக வருடங்கள் உதவியிருக்க வேண்டும்.

நாடி சொல்லும் செய்தி

யூனானி மருத்துவத்தில் நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைப்பது நப்ளு பார்ப்பது எனப்படும். இப்னு ஸீனா தம் அல்-கானூன் நூலில் நாடியைப் பத்து வகையான தன்மைகளைக் கொண்டு பார்க்கச் சொல்கிறார். அளவு, வலிமை, வேகம் என்று தொடங்கி, சீராக இருக்கிறதா, தாளம் சரியாக இருக்கிறதா என்பதில் முடியும். மான் நாடி, எறும்பு நாடி, புழு நாடி, அலை நாடி, எலிவால் நாடி என்றெல்லாம் பெயர்கள் உண்டு. விரலுக்குக் கீழே ஊர்வது எறும்பு போல இருந்தால் அது எறும்பு நாடி. இசையின் கணக்கைப் புரிந்தவனுக்கே நாடியின் தாளம் பிடிபடும் என்ற கருத்தும் அந்த மரபில் உண்டு. கலைக் கல்லூரியிலும் படித்தவன் என்பதால் எனக்கு அந்த இடம் மிகப் பிடிக்கும்.

அந்தப் பழைய பகுப்பில் ஒன்று இன்றைக்கும் வேலை செய்கிறது. சீரற்ற நாடியை இப்னு ஸீனா இரண்டாகப் பிரிக்கிறார். சீர் தப்புவதிலும் ஓர் ஒழுங்கு இருப்பது ஒன்று; எந்த ஒழுங்கும் இல்லாமல் தப்புவது மற்றொன்று. இன்றைய மருத்துவ மாணவனுக்கும் ஏறக்குறைய இதே பிரிவைத்தான் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது வகை பெரும்பாலும் மேலறை நடுக்கத்தின் அடையாளம்.

இதை விளங்கிக்கொள்ள இதயத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இருதயக் கோளாறு என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது அடைப்பு ஒன்றுதான். திருப்பூரில் ஒரு டையிங் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். பைப்பில் அடைப்பு வருவது ஒரு கோளாறு. பைப்பும் நன்றாக இருந்து, மோட்டாரும் நன்றாக இருந்து, வயரிங்கில் தப்பு வருவது வேறு கோளாறு. இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அங்கிருந்து மின் அலை கிளம்பி, மேலறைகளில் பரவி, நடுவில் இன்னொரு முடிச்சில் நொடியின் சிறு பகுதி தங்கி, பின் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இது நடக்கிறது. அலை கிளம்புவது தாமதமானாலும், வழியில் தடைபட்டாலும், குறுக்கு வழியில் சுற்றினாலும், கண்ட இடத்திலிருந்து கிளம்பினாலும் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது.

மேலறை நடுக்கத்தில், மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதில் வெறுமனே அதிர்கின்றன. ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது. கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நெஞ்சுவலி இல்லாமலே இப்படி ஒருவர் கை கால் விழுந்து படுத்துவிடலாம். அதற்கு ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை உண்டு. விடாமல் சாப்பிட வேண்டும். நோன்பு காலத்தில் நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டே மாற்ற வேண்டும். கீழறையில் வரும் நடுக்கம் இன்னும் கொடியது. ரத்த ஓட்டம் அப்படியே நின்று, நிமிடங்களில் உயிர் போய்விடும்.

அஜ்மல் கான் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவார், திரைக்குப் பின்னால் கட்டிய நூலைப் பிடித்தே நாடி பார்த்துவிடுவார் என்பது போன்ற கதைகள் ஹகீம்களைப் பற்றி ஏராளம் உண்டு. அவற்றை நான் நம்புவதில்லை. அவை அவருக்குப் பெருமையும் சேர்ப்பதில்லை. இன்னொரு சம்பவத்தை அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதில் பொருள் இருக்கிறது. 1911இல் அவர் ஐரோப்பா சென்றார். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அப்போது பணியில் இருந்தார். அங்குள்ள மூத்த அறுவை மருத்துவர் ஸ்டான்லி பாய்ட், ஒரு நோயாளியைக் காட்டி, பித்தப்பையில் கோளாறு என்றார். ஹகீம் சாஹிபு சிறுகுடலின் தொடக்கத்தில் பழைய புண் இருப்பதாகச் சொன்னார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீம் சொன்னதே சரியாக இருந்தது. பாய்ட் மனமுவந்து அவரைப் பாராட்டி விருந்தளித்தார். நம்மவர்கள் இந்தக் கதையை யூனானியின் வெற்றியாகச் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, தன் கணிப்பைக் கத்தியின் முன் சோதனைக்கு விட அவர் தயாராக இருந்தார் என்பது. அந்தப் பயணத்தில் பாரிஸ், பெர்லின், வியன்னா, இஸ்தான்பூல், கெய்ரோ என்று மருத்துவமனைகளையும் கல்விக்கூடங்களையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

மருத்துவரின் சம்பாத்தியம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு அண்ணன்மாரும் அடுத்தடுத்துக் காலமானார்கள். மூத்த அண்ணன் ஹகீம் அப்துல் மஜீத் கான் டெல்லியில் தொடங்கிய மத்ரஸா திப்பிய்யாவின் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. கலப்படமில்லாத மருந்து கிடைக்க ஹிந்துஸ்தானி தவாகானாவை வளர்த்தார். அதன் வருமானம் கல்விக்குப் போனது. 1909இல் பெண்களுக்கெனத் தனி மத்ரஸா திறந்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பர்தாவின் காரணமாக வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் மாண்டுபோகும் பெண்களைப் பற்றி மேடையில் வருந்துவது எளிது. அவர் பள்ளி கட்டினார்.

பிறகு பெரிய கல்லூரி. 1916இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் அதைத் திறந்து வைத்தார். ஆயுர்வேத - யூனானி திப்பிய்யா கல்லூரி என்ற பெயரிலேயே அவருடைய கொள்கை இருந்தது. வைத்தியரும் ஹகீமும் ஒரே கூரையின் கீழ். இருவருக்கும் உடற்கூறும் அறுவை அறிவும் பாடம். நம் மருத்துவம் முழுமையானது, வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை என்று சொன்ன ஹகீம்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களின் எதிர்ப்பையும் தாங்கித்தான் இதைச் செய்தார்.

டெல்லியில் தன்னிடம் வரும் நோயாளிகளிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. வெளியூருக்கு அழைத்துச் செல்லும் ராஜாக்களிடமும் செல்வந்தர்களிடமும் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினார் என்பார்கள். அந்தக் காலத்து ஆயிரம். அந்தப் பணம்தான் கல்லூரிக்கும், பின்னால் ஜாமிஆவுக்கும் போனது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். 1919இல் முஸ்லிம் லீக் அமிர்தசரஸ் மாநாட்டின் தலைவர். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் ஆங்கில அரசு தந்த ஹாதிகுல் முல்க் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். மக்கள் மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். 1921 டிசம்பரில் அகமதாபாத் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்ததால், இவர் தலைமை தாங்கினார். மறு ஆண்டு, சட்டமறுப்பு பற்றி நாடெங்கும் விசாரிக்க ஆறு பேர் குழு அமைந்தபோது அவரும் மோதிலால் நேருவும் விட்டல்பாய் படேலும் ஒரு பக்கம். நம் ராஜாஜியும் கஸ்தூரி ரங்க ஐயங்காரும் டாக்டர் அன்சாரியும் மறுபக்கம். சட்டசபைக்குள் போகலாமா கூடாதா என்பதில் மூன்றுக்கு மூன்று என்று குழு பிளந்தது. நண்பர்களாக இருந்துகொண்டே எதிர்நிலை எடுக்க முடிந்த காலம் அது. நம் திருப்பூர் கதருக்குப் பெயர்பெறத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

ஷைகுல் ஹிந்த் மஹ்மூத் ஹசன் தேவ்பந்தி அவர்கள் 1920இல் அலிகாரில் தொடங்கி வைத்த ஜாமிஆ மில்லியாவுக்கு அஜ்மல் கான் முதல் வேந்தர். 1924இல் துருக்கியில் கிலாஃபத்தே முடிந்துபோனதும் ஜாமிஆவுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. மூடிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். இவர் அதை 1925இல் டெல்லி கரோல்பாகுக்கு, தன் கல்லூரியின் அருகே கொண்டுவந்து, பெரும்பகுதிச் செலவைத் தன் கையிலிருந்து சுமந்தார். ஷைதா என்ற புனைபெயரில் உருதுவிலும் பார்சியிலும் கவிதை எழுதியதும், அந்தத் தொகுப்பு பெர்லினில் அச்சானதும் பலருக்குத் தெரியாத செய்தி.

பழைய வேரும் புதிய சோதனைச்சாலையும்

1921இல் கல்லூரியைத் திறந்த காந்தியடிகள் வெறும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மேல்நாட்டு மருத்துவத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் அவர். ஆனாலும் அன்று, நவீன விஞ்ஞானிகளிடம் உள்ள ஆராயும் வேட்கையைப் புகழ்ந்தார். நம் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் அது இல்லை, பழைய சூத்திரங்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஹகீம்கள் கூடியிருந்த சபையிலேயே சொன்னார். திறப்பு விழாவில் கேட்க இனிக்கும் பேச்சு அல்ல. ஆனால் அஜ்மல் கான் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் நடந்துகொண்டிருந்தார்.

லக்னோ பக்கத்து இளைஞர் ஒருவர் ஜெர்மனியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். பெயர் சலீமுஸ்ஸமான் சித்தீகி. ஓவியமும் வரைவார், ஃபிராங்க்ஃபர்ட்டில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்திருக்கிறது. அவர் படிப்புக்கு அஜ்மல் கான் பொருளுதவி செய்தார். எதற்காக? படித்து முடித்துத் திரும்பி வந்து, திப்பிய்யா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடத்த வேண்டும். ஹகீம்கள் ஆயிரம் ஆண்டாகக் கொடுத்துவரும் மூலிகைகளை எடுத்து, அவற்றுக்குள் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். தன் தொழிலின் மூலப்பொருளைத் தானே பணம் கொடுத்துச் சோதனைக்கு அனுப்பிய ஹகீம் அவர்.

முடிவை அவர் பார்க்கவில்லை. பல ஆண்டுகளாகவே உடல்நலம் குன்றியிருந்தது. 1927 டிசம்பர் இறுதியில், இளமையில் பணி தொடங்கிய அதே ராம்பூரில், இருதயக் கோளாறால் வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். டெல்லியில் ஹஜ்ரத் ஹசன் ரஸூல் நுமா தர்கா வளாகத்தில் அடக்கம். வயது அறுபதை எட்டவில்லை.

சித்தீகி அந்த ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். 1928இல் திப்பிய்யா ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட மூலிகைகளில் ஒன்று சர்ப்பகந்தா. யூனானியில் அஸ்ரோல் என்பார்கள். பாம்புக்கடிக்கும் பித்துப் பிடித்தவர்களுக்கும் தூக்கமின்மைக்கும் நாட்டில் பல இடங்களில் கொடுத்துவந்த வேர். 1931இல் அவரும் ரஃபாத் ஹுசைன் சித்தீகியும் அந்த வேரிலிருந்து பல காரப்பொருள்களைத் தனியே பிரித்து வெளியிட்டார்கள். அவற்றில் மூன்றுக்கு மறைந்த ஹகீமின் பெயரைச் சூட்டினார்கள்: அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். இதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்த ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டது.

அஜ்மலின் இதய செல்களுக்குள் சோடியம் நுழையும் வழிகளைத் தடுக்கிறது. அதனால் மின் அலை மெதுவாகப் பரவுகிறது. வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் தப்பான துடிப்பு சில வேளைகளில் இதனால் நிற்கும். ஜெர்மனியில் கிலுரித்மால் என்ற பெயரில் ஊசி மருந்தாக வந்து, பல ஆண்டுகள் இதற்காகப் பயன்பட்டது.

1992இல் பெத்ரோ புருகாதா, ஜோசப் புருகாதா என்ற ஸ்பானிய சகோதர டாக்டர்கள் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இதயம் பார்க்க நன்றாகவே இருக்கும். அடைப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் ஈசிஜியில் ஒரு குறிப்பிட்ட வளைவு. திடீரென்று கீழறை நடுக்கம். இதற்கு இன்று புருகாதா நோய் என்று பெயர். சோடியம் நுழையும் அந்த வழிகளில் பிறவியிலேயே உள்ள குறைபாடு பலருக்குக் காரணம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம். ஆண்களிடம் அதிகம் வெளிப்படுகிறது. இரவில், தூக்கத்தில், காய்ச்சல் நேரத்தில் ஆபத்து கூடுகிறது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் ஜப்பானிலும் வாலிபர்கள் தூக்கத்தில் சாவதற்கு நாட்டுப்புறப் பெயர்களே இருந்தன.

சிக்கல் என்னவென்றால், அந்த வளைவு எப்போதும் தெரியாது. இன்று எடுத்தால் சாதாரணம், அடுத்த மாதம் எடுத்தால் தெரியும். இங்கேதான் அஜ்மலின் வருகிறது. ஏற்கெனவே குறைந்திருக்கும் சோடியம் ஓட்டத்தை இது இன்னும் கொஞ்சம் தடுத்து, மறைந்திருக்கும் வளைவை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. சில நிமிடங்களில் அதன் வேலை தீர்ந்துவிடுவதால் சோதனைக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. சோதனையின்போதே கீழறை நடுக்கம் வரக்கூடும் என்பதால் முழு ஏற்பாடுள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்வார்கள். அஜ்மலின் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் ஃப்ளெகைனைடு, புரோகைனமைடு போன்ற மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊர் ஜனாஸாக்கள்

திருப்பூரில் இமாமத் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்த பையன் எழுந்திருக்கவில்லை என்று போன் வரும். காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்தவன் ஃபஜ்ருக்கு எழுப்பும்போது இல்லை என்பார்கள். குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்கிறோம். அஜல் வந்துவிட்டது என்று ஆறுதல் சொல்கிறோம். அது உண்மைதான், எந்த ஆன்மாவும் குறித்த நேரத்தைத் தாண்டாது. ஆனால் அந்த ஆறுதலோடு பேச்சை முடித்துவிடுகிறோமே, அதில்தான் எனக்குச் சங்கடம். இறந்தவனுக்கு இரண்டு தம்பிகள் இருப்பார்கள். அவர்கள் அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஓர் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று நம் குடும்பங்கள் தவிர்க்கப் பார்ப்பது தெரிந்த விஷயம். மின் ஓட்டத்தில் வந்த தப்புக்கு, அறுத்துப் பார்த்தாலும் இதயத்தில் தடயம் இருக்காமல் போகலாம். தடயம் உயிரோடு இருப்பவர்களிடம்தான் இருக்கிறது: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். இப்படி இளவயதில் காரணம் தெரியாத மரணம் நடந்த வீட்டில் இவர்கள் எல்லோரும் இருதய டாக்டரைப் பார்த்து, வீட்டில் நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கலாம். ஈஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் அந்த வழியாகவும் போகலாம். மேல் பரிசோதனை தேவையென்றால் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். புருகாதா உறுதியானால், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் ஒரு கருவி பொருத்துவார்கள். நடுக்கம் வந்தால் அது தானே அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரியாக்கும். மற்றவர்களுக்குக் காய்ச்சலை உடனே குறைப்பதும், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பதுமே பெரிய பாதுகாப்பு. வடமாநிலத்திலிருந்து வந்து இங்கே தனியாகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு இதைச் சொல்ல வீட்டாரும் பக்கத்தில் இல்லை. காண்ட்ராக்டர்களும் ஜமாஅத்தினரும்தான் சொல்ல வேண்டும்.

மயங்கி விழும் வாலிபர்களை ஓதிப் பார்க்க எங்களிடம் அழைத்து வருகிறார்கள். ஓதலாம், ஷிஃபா அல்லாஹ்விடம்தான். ஆனால் ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தவனை, முன்னறிவிப்பே இல்லாமல் சாய்ந்தவனை, குடும்பத்தில் இளம் மரணம் நடந்தவனை தாயத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்புவது பாவம் என்றே நான் சொல்வேன். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கும்போது, ஜின் என்று முடிவுகட்ட நமக்கு என்ன அவசரம்?

எல்லாப் படபடப்பும் ஆபத்து அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டு, டீயும் சிகரெட்டுமாக ஓடும் உடலில் இடையில் ஒரு துடிப்பு தப்புவது சகஜம். ரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவற்றாலும் வரும். ஒரு பொழுது வந்து போகும் படபடப்பு, டாக்டர் எடுக்கும் ஈசிஜியில் அகப்படாமல் போகலாம். அதற்கு 24 மணி நேரமும் உடலில் மாட்டிப் பதிவு செய்யும் கருவி உண்டு. குறுக்குப் பாதையில் சுற்றும் வேகத் துடிப்பை, தொடை நரம்பு வழியாகக் கம்பி அனுப்பி அந்த இடத்தை மட்டும் சுட்டு நிரந்தரமாகவே சரிசெய்கிறார்கள். மிக மெதுவாகத் துடித்து மயக்கம் வரும் முதியவர்களுக்கு பேஸ்மேக்கர். வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. தாளம் இல்லாமல் தப்பித் தப்பி வந்தால் அழைத்துப் போங்கள். கண்முன்னே ஒருவர் சாய்ந்து மூச்சும் இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்துங்கள்.

இன்னொன்று. அஜ்மல் கானின் பெயரைச் சொல்லியும், சர்ப்பகந்தா பொடி என்று சொல்லியும் இதயத்துக்கு மருந்து விற்பவர்கள் உண்டு. அந்த வேரில் ரத்த அழுத்தத்தை இறக்கும் பொருளும், மின் ஓட்டத்தைத் தடுக்கும் பொருளும் கலந்தே இருக்கின்றன. எந்த வேரில் எவ்வளவு என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேரை அப்படியே அரைத்து விழுங்குவது போதும் என்று ஹகீம் சாஹிபு நினைத்திருந்தால், ஜெர்மனிக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டார்.

அந்தப் பணத்தில் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீகி, வேம்பிலிருந்தும் பல பொருள்களைப் பிரித்தெடுத்தார். பிரிவினைக்குப் பின் 1951இல் பாகிஸ்தான் சென்றார். 1961இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். முதிய வயதிலும் சோதனைச்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், 1994 ஏப்ரலில் கராச்சியில் 96ஆம் வயதில் காலமானார். புருகாதா சகோதரர்களின் கட்டுரை வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.